மால்கம் வாட்சன்: தோட்டப் பிள்ளைகளின் ரத்தத்தில் மலேரியாவை அளந்த டாக்டர் - சிலாங்கூரில் என்ன நடந்தது?

கோலா சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் மலாக்கா நீரிணையும் கண்டல் காடும் தெரியும். இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தட்டையான நிலம். செம்பனை, கம்பங்கள், நடுவில் வளைந்து வளைந்து வரும் சிலாங்கூர் ஆறு.

மின்மினிப் பூச்சி பார்க்கவும் மீன் சாப்பிடவும்தான் இன்று நம்மில் பலர் இங்கே போகிறோம். ஆனால் சுமார் 120 வருஷத்துக்கு முன்னால், ரப்பர் நடுவதற்காக இந்தப் பக்கத்துக் காடுகளை வெட்டியபோது, இங்கே வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது புலியும் இல்லை, பாம்பும் இல்லை. காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? செய்கிற வைத்தியமும் வெட்டுகிற வாய்க்காலும் பலன் தருதா, இல்லையா? இதையெல்லாம் ஊகமாகச் சொல்லாமல், பிள்ளைகளின் விரலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தும், வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் எண்ணிக்கையாகச் சொன்னவர் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். பெயர் மால்கம் வாட்சன்.

இன்று சார்கொய்டோசிஸ் முதல் இனிப்பு நீர் வரை எத்தனையோ நோய்களுக்கு, நோய் இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று டாக்டர்கள் ரத்தத்தில் தேடுகிறார்கள். அதே கேள்வியை வாட்சன் ஒரு நோயாளியிடம் இல்லை, ஒரு மாவட்டத்திடமே கேட்டார். அதான் அவர் கதையில் விசேஷம்.

யார் இந்த மால்கம் வாட்சன்?

1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் வாட்சன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்து 1901-இன் தொடக்கத்தில் கிள்ளானுக்கு மாவட்ட டாக்டராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் படித்து முடித்த காலத்துக்கும் கிள்ளானுக்கு வந்த காலத்துக்கும் இடையில் மருத்துவ உலகமே தலைகீழாகியிருந்தது.

மலேரியாவுக்குக் காரணம் ரத்தத்தில் வாழும் ஒரு நுண்ணுயிர் என்பதை 1880-இல் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான் கண்டுபிடித்தார். அது கொசுவின் உடலிலும் வளர்கிறது என்பதை 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

ஆனால் கண்டுபிடிப்பு வேறு, ஊரைக் காப்பாற்றுவது வேறு. கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று ராஸ் சொன்னார். அதை ஒரு ஊரில் செய்து காட்ட வேண்டுமே?

1901: கிள்ளானில் என்ன நடந்தது?

வாட்சன் வந்தபோது கிள்ளான் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சதுப்பு, நடுவிலேயே தண்ணீர் தேங்கும் பள்ளங்கள். அரசாங்க ஊழியர்கள், கடைக்காரர்கள், ரயில்வே வேலையாட்கள் என்று யாரையும் காய்ச்சல் விடவில்லை.

இதற்கிடையே பக்கத்திலேயே ஒரு புதிய துறைமுகம் தயாரானது. 1901 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். இன்றைய போர்ட் கிள்ளான். கண்டல் சதுப்பை வெட்டிக் கட்டிய இடம் அது. திறந்த இரண்டே மாதத்தில் மலேரியா அங்கே கொத்துக் கொத்தாக ஆட்களைப் படுக்க வைத்தது. தோட்டங்களின் விளைபொருள் வெளியே போகவும், கப்பலில் வரும் தொழிலாளர்கள் உள்ளே வரவும் கட்டிய வாசலே நோயின் வாசலாகிவிட்டது.

கிள்ளானும் துறைமுகமும் சேர்ந்து ஏறக்குறைய 4,000 பேர் வாழ்ந்த இடத்தில், 1901-இல் மட்டும் 582 பேர் இறந்தார்கள். அதில் 368 பேர் காய்ச்சலால். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழு பேரில் ஒருவர், ஒரே வருஷத்தில்.

வாட்சன் கேட்டது எளிமையான விஷயம்தான். சதுப்பை வடித்து விடுங்கள், காட்டை ஊரை விட்டுத் தள்ளி வெட்டுங்கள், பள்ளங்களை நிரப்புங்கள், கடல் நீர் உள்ளே வராமல் வரப்புக் கட்டுங்கள். அரசாங்கம் பணம் கொடுத்தது. வேலை தொடங்கியது.

அடுத்த வருஷம், 1902-இல், அதே இடத்தில் காய்ச்சலால் இறந்தவர்கள் 59 பேர். 1905-இல் 45 பேர். கிள்ளானிலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் 1901-இல் 334-ஆக இருந்தது. 1905-இல் 12-ஆகக் குறைந்தது.

எண்ணிக்கை குறைந்தால் போதுமா?

இங்கேதான் வாட்சன் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். மரணம் குறைந்தது சரி. ஆனால் அது வாய்க்கால் வெட்டியதால்தானா? அந்த வருஷம் மழை மாறியிருக்கலாம். காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாம். ஆட்கள் ஊரை விட்டே போயிருக்கலாம்.

இந்தச் சந்தேகம் வெறும் வாதத்துக்காக எழுந்தது இல்லை. அதே காலத்தில் லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் ராணுவ முகாமில் கொசு ஒழிப்புச் சோதனை ஒன்று நடந்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கொசுவை ஒழிப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று பல நிபுணர்கள் கையை விரித்தார்கள். கிள்ளானின் கணக்கும் பொய்த்திருந்தால் உலகம் அந்த வழியையே கைவிட்டிருக்கக்கூடும்.

அதனால் வாட்சன் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, வாய்க்கால் வெட்டிய ஊர்களின் மரணக் கணக்குக்குப் பக்கத்திலேயே, வாய்க்கால் வெட்டாத மற்ற கிராமங்களின் கணக்கையும் வைத்தார். ஊருக்குள் மரணம் சரிந்தது, வெளியே சரியவில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்.

1904-இல் கிள்ளான் ஊருக்குள் 173 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்ததில் ஒரே ஒரு பிள்ளையின் ரத்தத்தில்தான் மலேரியாக் கிருமி இருந்தது. அதே மாவட்டத்தில் வாய்க்கால் வெட்டாத பகுதிகளில் 298 பிள்ளைகளைச் சோதித்தபோது 101 பேரின் ரத்தத்தில் கிருமி. மூன்றில் ஒரு பிள்ளை.

சில மைல் தூரம்தான் இடைவெளி. மழையும் வெயிலும் ஒன்று. ரத்தம் மட்டும் வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஏன் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள்?

நியாயமான கேள்வி. பெரியவர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். நேற்று நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர் இருப்பார். போன மாதம் வேறு தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர் இருப்பார். அவர் ரத்தத்தில் கிருமி இருந்தால், அது எந்த ஊர்க் கொசு கொடுத்தது என்று எப்படித் தெரியும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. மலேரியா உள்ள இடத்தில் பல வருஷம் இருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். கிருமி இருந்தும் ஆள் நடமாடுவார்.

சின்னப் பிள்ளைகள் அப்படி இல்லை. லயத்திலேயே பிறந்து, லயத்து வாசலிலேயே விளையாடி, ஆயக்கொட்டகையில் தூங்குகிறவர்கள். அவர்களைக் கடிப்பது அந்த இடத்துக் கொசுதான். ஆக, தோட்டத்தின் நிலவரத்தைத் திரிக்காமல் காட்டும் கண்ணாடி அந்தப் பிள்ளைகள்தான்.

ரத்தமா, மண்ணீரலா?

தோட்டம் தோட்டமாகப் போய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும்போது எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. அதனால் வாட்சன் இன்னொரு அளவுகோலையும் கையில் எடுத்தார். அது மண்ணீரல்.

இடது விலா எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு அது. நல்ல உடம்பில் வெளியே கைக்குத் தட்டுப்படாது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் வீங்கும். வயிற்றில் விரலை வைத்து அமுக்கினாலே தெரியும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணினால் அந்த இடத்தின் மண்ணீரல் விகிதம் கிடைக்கும். 1840-களில் வட இந்தியாவில் கால்வாய்ப் பாசனம் காய்ச்சலைக் கூட்டுகிறதா என்று பார்க்க டெம்ப்ஸ்டர் என்ற டாக்டர் பயன்படுத்திய பழைய முறைதான் இது.

இரண்டு அளவுகளும் இரண்டு விதமான செய்தி சொல்லும். இதைப் புரிந்துகொள்ள நம்ம வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

இனிப்பு நீர் உள்ள தாத்தா காலையில் விரலைக் குத்திப் பார்க்கும் அளவு, அந்த நேரத்து நிலவரத்தைச் சொல்லும். கிளினிக்கில் எடுக்கும் எச்பிஏ1சி அளவோ, கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும். முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு போய் டாக்டரை ஏமாற்ற முடியாது.

மலேரியாவிலும் அப்படித்தான். ரத்தத்தில் கிருமி இன்றைய நிலவரம். கொஞ்ச நாள் கொயினா மாத்திரை விழுங்கினால் அது கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கிவிடும். மண்ணீரலோ போன மாதங்களின் நினைவு. அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

தட்டை நிலத்தில் பலித்தது, மலையில் ஏன் பலிக்கவில்லை?

சில ஆண்டுகள் கழித்து வாட்சன் அரசாங்க வேலையை விட்டுவிட்டு, கிள்ளானிலேயே இருந்துகொண்டு தோட்டங்களுக்கான டாக்டரானார். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சிலாங்கூர் முழுக்கக் காடு விழுந்துகொண்டிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள்.

கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூர் வரைக்கும் நீளும் கடலோரத் தட்டை நிலத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காட்டோரமாக லயம் கட்டிய இடத்தில் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருந்தது. காட்டை விட்டு அரை மைல், அதாவது 800 மீட்டர் போல, தள்ளிக் கட்டிய லயத்தில் அது வெகுவாகக் குறைந்தது. காட்டை வெட்டி நிலத்தை வடித்த தோட்டங்கள் சில வருஷத்தில் ஆரோக்கியமான இடங்களாக மாறின.

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது இல்லையா? காட்டை வெட்டு, வாய்க்கால் தோண்டு, காய்ச்சல் போகும்.

இல்லை. குன்றுகள் நிறைந்த உட்பகுதித் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் போகவில்லை. சில இடங்களில் முன்னைவிட மோசமானது. காடு அழிந்து, ஓடை சுத்தமாகி, பார்க்க அழகாக இருந்த தோட்டத்தில் பிள்ளைகளின் மண்ணீரல் மட்டும் வீங்கியபடியே இருந்தது.

கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. அளவு மட்டும் இல்லை என்கிறது. இந்த இடத்தில் பலர் அளவைத்தான் சந்தேகப்படுவார்கள். வாட்சன் தன் நம்பிக்கையைச் சந்தேகப்பட்டார்.

ஒரே ஆறு, இரண்டு கொசுக்கள்

விடை கொசுவின் இனத்தில் இருந்தது. மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் என்ற வகைக் கொசு. ஆனால் அனோபிலிஸ் என்பது ஒரு கொசு இல்லை, ஒரு பெரிய குடும்பம். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழக்கம்.

கடலோரத் தட்டை நிலத்தின் காட்டில் இருந்தது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். அதற்கு நிழல் வேண்டும், மரத்தடியில் அசையாமல் தேங்கிக் கிடக்கும் கறுத்த தண்ணீர் வேண்டும். காடு போனால் நிழல் போகும், நிழல் போனால் அதுவும் போகும்.

குன்றுப் பகுதியில் இருந்தது அனோபிலிஸ் மாகுலாட்டஸ். இது நேர் எதிர். அதற்கு வெயில் வேண்டும், ஊற்றாகக் கசிந்து தெளிவாக ஓடும் தண்ணீர் வேண்டும். அடர்ந்த காட்டு நிழலில் அதனால் பெருக முடியாது. காட்டை வெட்டி ஓடையின் மேல் வெயில் விழ வைத்தபோது, தோட்டக்காரர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள்.

சிலாங்கூர் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அது உலு சிலாங்கூரில், கோலா குபு பாரு பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி, கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. வாட்சன் கண்ட விதியை இந்த ஆற்றின் மேல் வைத்துப் பார்த்தால், கீழ் முனையில் உயிரைக் காப்பாற்றும் வேலை, மேல் முனையில் உயிரை எடுக்கும். ஒரே ஆறு, ஒரே மாநிலம், அதே தமிழ்க் குடும்பங்கள்.

கண்டல் காட்டை ஒட்டிய உப்பு நீர்க் குட்டைகளில் இன்னொரு இனமும் இருந்தது. இன்று அனோபிலிஸ் சுண்டாய்க்கஸ் என்று சொல்கிறோம். அதற்கு உப்பு கலந்த, வெயில் படும் தண்ணீர் பிடிக்கும். கடல் வரப்பும் அலைக்கதவும் சரியாக இல்லாத இடத்தில் அது புகுந்துவிடும்.

மலைத் தோட்டங்களுக்கு வாட்சன் வேறு வழி சொன்னார். ஓடையைத் திறந்து விடாமல், குழாய் பதித்துத் தண்ணீரை மண்ணுக்கு அடியிலேயே கொண்டுபோவது. கொசுவுக்கு முட்டையிடத் தண்ணீரே கண்ணில் படாது. அது முடியாத இடத்தில் வாரா வாரம் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிப்பது.

எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையில்லை, அந்த இடத்தில் நோய் பரப்பும் இனத்தை மட்டும் அறிந்து, அதன் வீட்டை மட்டும் கெடுத்தால் போதும் என்ற எண்ணம் இப்படித்தான் உருவானது. டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியத் தீவுகளிலும் ஸ்வெல்லன்கிரேபெல் என்ற விஞ்ஞானி இதே வழியை வளர்த்தெடுத்தார். ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியா தடுப்பு பற்றி வாட்சன் எழுதிய புத்தகம் 1911-இல் வந்தது. அதே ஆண்டு இங்கே மலேரியா ஆலோசனை வாரியமும் அமைந்தது.

எண்ணப்பட்டவர்கள் யார்?

இந்தக் கதையை ஒரு வெள்ளைக்கார டாக்டரின் வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

தோட்ட முதலாளிகள் வாட்சனின் பேச்சைக் கேட்டதற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை. காய்ச்சலில் படுத்த ஆள் பெரட்டுக்கு வர மாட்டார். பால் வெட்ட ஆள் இருக்காது. செத்தவருக்குப் பதிலாக இன்னொருவரைக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவாகும். காய்ச்சல் தோட்டம் என்று பெயர் வாங்கிவிட்டால் கங்காணியாலும் ஆள் திரட்ட முடியாது. பிள்ளைகளின் மண்ணீரல் கணக்கு, கம்பெனியின் வரவு செலவுக் கணக்கோடும் சேர்த்துத்தான் படிக்கப்பட்டது.

கோலா சிலாங்கூர் பக்கம் அந்தக் காலத்தில் வேலை எவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் தோட்டம் போட்டார். தமிழும் மலாயும் கற்றுக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். பிறகு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார்.

அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. வாட்சன் பெயர் தெரிகிறது. அலவாங்கும் மண்வெட்டியுமாகச் சதுப்பில் முழங்கால் புதைய நின்று வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர்? கொசு ஒழிய வேண்டும் என்று வெட்டிய வாய்க்கால்தான். ஆனால் வெட்டி முடிக்கும் வரைக்கும் அந்தக் கொசுவுக்கு நடுவில் நின்றவர்கள் அவர்கள்தான்.

ரத்தம் கொடுத்த அந்த 298 பிள்ளைகளும் நமக்கு ஒரு எண்ணாகத்தான் கிடைத்திருக்கிறார்கள். 298-இல் 101. அந்த 101 பேரில் எத்தனை பேர் வளர்ந்து பெரியவர்களானார்கள் என்பதை அந்த அட்டவணை சொல்லாது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் மறுக்க முடியாது. எண்ணியதால்தான் உண்மை வெளியே வந்தது. தமிழர்கள் பலவீனமானவர்கள், அவர்களுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது. ஒரே ஊரிலிருந்து வந்த ஒரே மாதிரி ஆட்கள், ஒரு தோட்டத்தில் நன்றாக இருக்கிறார்கள், அடுத்த தோட்டத்தில் சாகிறார்கள் என்றால், கோளாறு ஆளிடம் இல்லை. இடத்திடம் இருக்கிறது. இடத்தை மாற்ற வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

வாட்சனுக்குப் பிறகு என்ன ஆனது?

1924-இல் பிரிட்டிஷ் அரசு வாட்சனுக்கு சர் பட்டம் கொடுத்தது. 1928-இல் மலாயாவை விட்டு லண்டனில் இருந்த ராஸ் ஆய்வுக் கழகத்துக்குப் போனார். 1932-இல் ரொனால்டு ராஸ் இறந்த பிறகு அந்தக் கழகத்தின் இயக்குநரானார். சிலாங்கூரில் கற்ற பாடத்தை வடக்கு ரொடீசியாவின், அதாவது இன்றைய சாம்பியாவின், செம்புச் சுரங்க ஊர்களுக்கு எடுத்துச் சென்றார். 1955-இல் இறந்தார்.

ரத்தத்தில் கிருமியைத் தேடும் வேலையிலும் நம் நாட்டின் பங்கு தொடர்ந்தது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வேலை பார்த்த டாக்டர் ஜே.டபிள்யூ. ஃபீல்ட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு புதிய சாயமேற்றும் முறையை வெளியிட்டார். தடிமனாகத் தடவிய ரத்தத்தைச் சில விநாடிகள் ஒரு சாயத்திலும், கழுவிவிட்டுச் சில விநாடிகள் இன்னொரு சாயத்திலும் முக்கினால் போதும். நுண்ணோக்கியில் கிருமி பளிச்சென்று தெரியும்.

நிறைய நோயாளிகள் வரிசையில் நிற்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இது வரப்பிரசாதம். ஃபீல்ட் சாயம் என்ற பெயரில் உலகின் பல மூலைகளில் இன்றும் புழங்குகிறது. அது பிறந்த ஊர் கோலாலம்பூர்.

1967-இல் மலேசியா மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் மருந்து அடிப்பது, காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, உடனே மருந்து என்று வேலை நடந்தது. மனிதர்களுக்கிடையே பரவும் மலேரியா, நாட்டுக்குள்ளேயே தொற்றியதாக 2018 முதல் பதிவாகவில்லை.

ஆனாலும் கதை முடியவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற மலேரியா, காட்டோரப் பகுதிகளில் இன்னும் இருக்கிறது.

இதிலும் அளவுகோல் ஒருமுறை ஏமாற்றியது. நுண்ணோக்கியில் நோலெசிக் கிருமி பார்க்க மலேரியே என்ற சாதுவான இனத்தைப் போலவே இருக்கும். சரவாக்கின் காப்பிட் பகுதியில் பல்பீர் சிங்கின் குழுவினர் 208 நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2004-இல் முடிவை வெளியிட்டபோது, அவர்களில் 120 பேருக்கு இருந்தது நோலெசி என்று தெரிந்தது. மலேரியே என்று நினைத்தால் அவசரம் தெரியாது. நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும்.

இன்றைய ரத்த அறிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சார்கொய்டோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரளும் நோய் இது. பெரும்பாலும் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் வரும். எக்ஸ்ரேயில் பார்க்கும்போது சில சமயம் காசநோய் என்றே தோன்றும்.

இந்த நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் ஏசிஇ என்ற நொதியின் அளவு கூடுகிறது என்று 1970-களின் நடுவில் அமெரிக்க டாக்டர் ஜாக் லீபர்மேன் காட்டினார். அந்த முடிச்சுகளில் இருக்கும் அணுக்களே அதைச் சுரக்கின்றன. முடிச்சு அதிகமானால் அளவு ஏறலாம், மருந்து பலித்தால் இறங்கலாம். அதனால் நோய் அடங்குகிறதா என்று பார்க்க டாக்டர்கள் இதைக் கவனிக்கிறார்கள். இன்டர்லூக்கின்-2 ஏற்பி போன்ற வேறு அளவுகளும் இப்படிப் பயன்படுகின்றன.

ஆனால் வாட்சனின் மலைத் தோட்டத்தை இங்கே மறந்துவிடக் கூடாது. அளவை, அது வந்த இடத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஏசிஇ அளவு ஒருவருக்குப் பிறவியிலேயே கூடவோ குறையவோ இருக்கலாம், மரபணு அப்படி. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் அதைக் கீழே தள்ளிவிடும். வேறு சில நோய்களிலும் அது ஏறும். சார்கொய்டோசிஸ் இருந்தும் அளவு சாதாரணமாகவே இருப்பவர்களும் உண்டு. ஆகவே ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோய் இருக்கு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதே ஆளின் அளவு மாதாமாதம் எந்தப் பக்கம் போகிறது, எக்ஸ்ரே என்ன சொல்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் விழுந்தவுடனே கூகுளில் தேடிப் பயப்படுகிறவர்களுக்கும், எண் நார்மல் என்று வந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இது. சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாமல், நீங்களே டாக்டரிடம் போங்க. சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லுங்க.

ஆயக்கொட்டகைப் பிள்ளைகள்

கோலா சிலாங்கூரின் வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் பல ஊர்களில் வீடமைப்புப் பகுதி. லயங்கள் பல இடிந்துவிட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு மலேரியா என்றால் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான்.

அது வெறும் சொல்லாக மாறியதில் ஒரு டாக்டருக்குப் பங்கு உண்டு. வாய்க்கால் வெட்டியவர்களுக்குப் பங்கு உண்டு. எதற்கென்றே தெரியாமல் விரலை நீட்டி ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டு, அழுதபடியே விளையாடப் போன பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை கிளினிக்கில் உங்கள் விரலில் ஊசி குத்தும்போது, அந்த 298 பேரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் உங்கள் கொள்ளுப்பாட்டியும் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.